பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஐந்து கியர்ப் பெட்டி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், எம்.ஜி. மிட்ஜெட், எம்.ஜி.பி., ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஆகிய கார்களை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளே இங்கே பெரும்பாலும் இருக்கின்றன. நான்கு கியர்களுடன் வந்த இந்தக் கார்களுக்கு வேறொரு காரின் ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்துவது பற்றியதுதான் பேச்சு. மொரிஸ் மைனர்காரர்களுக்கும் இதில் பாதி உதவும்; ஸ்பிரைட்டில் இருப்பதும் மைனரில் இருப்பதும் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்து எஞ்சின்தான்.

என் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஐந்தாவது கியர் வைத்தால் இன்னும் நன்றாக ஓடுமா?

நன்றாக ஓடும் காரின் கியர்ப் பெட்டியில் கை வைக்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். எம்.ஜி.பி.யின் பின் அச்சு விகிதம் 3.909; அதாவது சில்லு ஒருமுறை சுற்ற, பெட்டியிலிருந்து வரும் தண்டு 3.909 முறை சுற்ற வேண்டும். நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால் கார் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றர் போகும். நம் நாட்டில் ஊருக்கு வெளியே காருக்கு அனுமதித்த வேகம் 70. அந்த வேகத்தில் எஞ்சின் 2400 சுற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. 0.82 விகிதமுள்ள ஐந்தாவது கியரைப் போட்டால் அது 2000 அளவுக்கு இறங்கும். கந்தளாய் வரை போய் வருபவருக்கு இதனால் பெரிய இலாபம் எதுவும் இல்லை.

ஸ்பிரைட்டின் நிலை கொஞ்சம் வேறு. பழைய ஸ்பிரைட்டின் அச்சு 4.22, சில்லும் சிறியது. 1000 சுற்றுக்கு 25 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். 70இல் 2800 சுற்று. அதிவேக வீதியில் 100இல் போனால் 4000. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஆனால் திருகோணமலையிலிருந்து எந்த அதிவேக வீதியும் தொடங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கொழும்பில் பழைய கார் ஊர்வலத்துக்குப் போவதற்காக மட்டும் பெட்டியை மாற்றுவது வீண் செலவு.

அப்படியானால் எதற்காக மாற்றுகிறார்கள்?

இரண்டு காரணங்களை நான் ஏற்றுக்கொள்வேன்.

முதலாவது, முதல் கியர். 1967 இறுதி வரை வந்த எம்.ஜி.பி.க்கும், மார்க் 4க்கு முந்திய ஸ்பிட்ஃபயருக்கும், ஏ-சீரிஸ் எஞ்சின் கொண்ட எல்லா ஸ்பிரைட், மிட்ஜெட்டுகளுக்கும் முதல் கியரில் சின்க்ரோ (கியர் விழுமுன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. கார் முழுவதுமாக நின்ற பிறகுதான் அது மனமுவந்து விழும். கோணேசர் கோவிலுக்கு ஒருமுறை அந்தக் காரில் ஏறிப் பாருங்கள். கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் வீதியில் நிற்கும், அடியார்கள் நடப்பார்கள், முச்சக்கர வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது கியரில் எஞ்சின் திணறுகிறது, கார் இன்னும் உருள்கிறது, முதல் கியருக்குத் தள்ளினால் பல் பல்லோடு உரசி அரைக்கிறது. கோவிலுக்கு வந்த எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது காரணம்தான் உண்மையில் பெரியது: உதிரிப்பாகம். பழைய பெட்டியின் லேஷாப்டும் (உள்ளே பற்சக்கரங்களைத் தாங்கும் துணைத் தண்டு) முதல் கியரின் பற்களும் தேய்ந்துவிட்டால் புதியவை பிரித்தானியாவிலிருந்து வர வேண்டும். அதற்குப் பதிலாகப் பொருத்தும் ஜப்பானியப் பெட்டி பழுதானால் பேரிங்கும் சின்க்ரோ வளையமும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னால் மறுநாள் காலை கைக்கு வந்துவிடும். ஐந்தாவது கியருக்காக அல்ல, நம் ஊரில் பழுதுபார்க்கக்கூடிய ஒரு பெட்டிக்காகத்தான் மாற்றுகிறோம் என்று எடுத்துக்கொண்டால், பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

இரட்டைக் கிளட்ச் பழகினால் போதாதா?

போதும். நியூட்ரலில் கிளட்சை விட்டு, எஞ்சினைச் சற்று முடுக்கி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். பழைய லொறிச் சாரதிகள் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். காசு செலவில்லாத ஒரே வழி இது. பல் ஏற்கெனவே உடைந்திருந்தால் மட்டும் உதவாது.

ஓவர்டிரைவ் சேர்த்தால் என்ன?

எம்.ஜி.பி.க்கும் ஸ்பிட்ஃபயருக்கும் தொழிற்சாலையே விருப்பத் தெரிவாகக் கொடுத்த வழி இது. லேகொக் நிறுவனத்தின் அந்தச் சாதனம் பெட்டியின் வால் பகுதியில் உட்காரும். உள்ளே கோள் பற்சக்கரத் தொகுதியும் கூம்பு வடிவக் கிளட்சும் இருக்கின்றன. சுவிட்சைத் தட்டினால் சொலினொய்ட் வால்வைத் திறக்கும். ஒயில் அழுத்தம் கூம்பை இடம்மாற்றும். எஞ்சின் சுற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். காரின் அசல் தன்மையைக் காக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஓவர்டிரைவை மட்டும் தனியாக வாங்கி உங்கள் பெட்டியின் பின்னால் பூட்டிவிட முடியாது. ஓவர்டிரைவ் உள்ள எம்.ஜி.பி. பெட்டியின் மெயின் ஷாப்ட் வேறு. பெட்டியைப் பிரித்து அதை மாற்ற வேண்டும். அல்லது முழுப் பெட்டியாகவே வாங்க வேண்டும். முதல் கியரின் குறையையும் அது தீர்க்காது.

எந்தப் பெட்டியைத் தேடுவது?

உலகம் முழுவதும் பலர் செய்து பார்த்த சேர்க்கைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பிரித்தானியாவில் எம்.ஜி.பி.க்கு நீண்ட காலமாக ஃபோர்ட் சியராவின் டைப் 9 பெட்டியைப் போட்டார்கள். இப்போது மாஸ்டா எம்.எக்ஸ்-5 பெட்டிக்கான முழுத் தொகுதிகளும் விற்பனைக்கு இருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்பிரைட்டுக்கும் மிட்ஜெட்டுக்கும் டட்சன் 210இன் பெட்டி. அவுஸ்திரேலியாவில் டொயோட்டா பெட்டிகள்.

டட்சன் 210 என்று அமெரிக்காவில் விற்கப்பட்டது நம் வீதிகளில் ஓடிய பி310 சன்னிதான். ஆகவே ஸ்பிரைட்காரர்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. எம்.ஜி.பி.காரர்களுக்கு என் அபிப்பிராயம் டொயோட்டா. சியராவை நம் ஊரில் தேடுவதற்குள் கார் இன்னும் துருப்பிடித்துவிடும். அதைவிட, டைப் 9இன் முதல் கியர் 3.65, எம்.ஜி.பி.யின் பிந்திய பெட்டியில் அது 3.44. அதே பின் அச்சோடு ஓட்டும்போது முதல் கியர் போட்ட கையோடு இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்று அதைப் போட்டவர்களே சொல்வார்கள்.

பெட்டியின் பலம் பற்றிக் கவலை வேண்டாம். முதல் ஸ்பிரைட்டின் 948 சி.சி. எஞ்சின் கொடுத்தது 43 குதிரை வலு. சன்னிப் பெட்டி அதைக் கண்டு பயப்படாது.

கடைக்காரர் “சன்னிப் பெட்டி” என்றுதான் சொன்னார். வாங்கலாமா?

எந்த சன்னி என்று கேளுங்கள். பி310க்குப் பின்னால் வந்த பி11 முன்சில்லு இழுவை. அதன் பெட்டி குறுக்காக உட்காருவது. நமக்கு எதற்கும் ஆகாது. கொரோலாவிலும் இதே சிக்கல் இருக்கிறது. கே.ஈ.70 பின்சில்லு இழுவை; அதற்கு அடுத்த தலைமுறையின் சாதாரண நான்கு கதவுக் கார் முன்சில்லு இழுவை.

வான் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். வனெட், லைட்ஏஸ் போன்றவற்றில் சாரதி எஞ்சினுக்கு மேலே உட்காருகிறார். ஆகவே கியர் நெம்புகோல் பெட்டியின் மேல் நேராக நிற்பதில்லை. தண்டுகள் வழியாக முன்னால் போகிறது. உள்ளே பற்சக்கரங்கள் நல்லவையாக இருந்தாலும் வால் மூடியை மாற்றாமல் காருக்குள் பயன்படுத்த முடியாது. காரின் வால் மூடி கையில் இருந்தால் மட்டும் வான் பெட்டியை வாங்குங்கள்.

வாங்குமுன் கடையிலேயே ஒயில் வடிக்கச் சொல்லுங்கள். விரலில் தொட்டு வெயிலில் பிடித்தால் பொன் தூள்போல் மின்னுவது சின்க்ரோ வளையத்தின் பித்தளை. கொஞ்சம் இருப்பது வழமை. கையில் தட்டுப்படும் இரும்புச் சிம்பு இருந்தால் வேறு பெட்டி பாருங்கள். இன்புட் ஷாப்டை, அதாவது எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் முன் தண்டை, பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டு, இரு முனையிலும் சோக்கினால் கோடு போட்டுச் சுற்றி எண்ணுங்கள். முன் முனை பத்துச் சுற்றுச் சுற்றும்போது பின் முனை பன்னிரண்டு சுற்றை நெருங்கினால் அங்கே உண்மையாகவே ஐந்தாவது கியர் இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் எண்ணி முடியுங்கள்.

இணைப்புத் தகட்டை இங்கேயே லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

எஞ்சினின் பின்புறத்தில் உள்ள துளைகளும் புதிய பெட்டியின் பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடும் மணி வடிவ உறை) உள்ள துளைகளும் பொருந்தாது. இடையில் ஒரு அலுமினியத் தகடு வரும். தகடு செய்வது கடினமில்லை. துறைமுக வேலை பழகிய ஊர் இது, நல்ல கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். கடினம் நடுமையம். எஞ்சினின் சுழல் தண்டான கிராங் ஷாப்டின் மையமும் பெட்டியின் இன்புட் ஷாப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். போல்ட் துளைகள் அந்த வேலையைச் செய்வதில்லை. போல்ட் இறுக்கத்தான், இடத்தில் நிறுத்துவது டவல் முளைகள். “போல்ட் எல்லாம் சரியாக ஏறிவிட்டது” என்று மெக்கானிக் சந்தோஷமாகச் சொன்னால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

அளக்கும் முறை இது. பெட்டி இல்லாமல் தகட்டையும் பெல் ஹவுசிங்கையும் மட்டும் எஞ்சினில் பூட்டுங்கள். எஞ்சினின் பின்னால் சுழலும் ஃபிளைவீலில் காந்த அடி வைத்த டயல் கேஜை (நுண்ணிய விலகலை ஊசியால் காட்டும் அளவுக்கருவி) நிறுத்தி, அதன் முனை பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உட்சுவரைத் தொடும்படி வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஊசியின் மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.13 மில்லிமீற்றருக்குள், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் இருக்க வேண்டும். மையம் உண்மையில் விலகியிருப்பது அந்த வித்தியாசத்தில் பாதி. எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதையும் ஊசியே சொல்லிவிடும். டவலைக் கழற்றி, போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஹவுசிங்கைத் தட்டி, மறுபடி சுற்றிப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் டவல் துளையை அங்கேயே புதிதாகத் துளைத்து முளையடியுங்கள். பிறகு கேஜின் முனையை ஹவுசிங்கின் முகத்தில் வைத்து, முகம் சாய்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இதைச் செய்யாவிட்டாலும் கார் ஓடும். அதுதான் தொந்தரவு. சில மாதங்கள் ஓடிய பிறகு இன்புட் பேரிங் முனகும், கிளட்ச் முழுவதும் விடாது, கியர் தானாக வெளியே குதிக்கும், கடைசியில் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி பிய்ந்து வரும். பழி ஜப்பானியப் பெட்டியின் தலையில் விழும்.

வெளிநாட்டிலிருந்து ஆயத்தத் தகடு தருவித்தாலும் இதே அளவை எடுங்கள். தகடு சரியாக இருந்தாலும் ஐம்பது, அறுபது வயதான எஞ்சினின் பின் தகடு சரியாக இருக்கும் என்று நிச்சயமில்லை.

கிளட்சில் எதை மாற்ற வேண்டும்?

தட்டின் வெளி விட்டம் பழைய காருடையது. நடுவில் உள்ள பற்கள் புதிய பெட்டியுடையவை. இன்புட் ஷாப்டின் பற்களை எண்ணி, விட்டத்தை அளந்து கொடுத்தால் பழைய தட்டில் புதிய நடுப்பகுதியைத் தறைந்து தருபவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

கிராங் ஷாப்டின் வாலில் உள்ள சிறு வெண்கலப் புஷ்ஷை மறந்துவிடாதீர்கள். இன்புட் ஷாப்டின் மூக்கு அதில்தான் உட்காருகிறது. வெளி விட்டம் எஞ்சினுக்கு, உள் விட்டம் பெட்டிக்கு என்று புதிதாகக் கடைய வேண்டும். பூட்டுவதற்கு முதல் நாள் இரவே எஞ்சின் ஒயிலில் ஊறப் போடுங்கள்.

இந்த ஆங்கிலேயக் கார்களில் கிளட்ச் விடும் பேரிங் பெரும்பாலும் பேரிங்கே இல்லை. ஒரு கரி வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்கள் அதை விரைவில் தின்றுவிடுவார்கள். பெட்டியை மாற்றும்போது குண்டு பேரிங்குக்குப் போய்விடுவது நல்லது.

எஞ்சினையும் கழற்ற வேண்டுமா?

ஸ்பிரைட், மிட்ஜெட், எம்.ஜி.பி. மூன்றிலும் எஞ்சினும் பெட்டியும் ஒன்றாக முன்பக்கமாகத்தான் வெளியே வரும். ஸ்பிட்ஃபயரில் பெட்டி காருக்குள்ளிருந்து, இருக்கைகளுக்கு நடுவே உள்ள மூடியைக் கழற்றினால் வந்துவிடும். ஸ்பிட்ஃபயரைக் குறை சொல்பவர்கள் இந்த ஒரு விடயத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

நடு டனலை வெட்டலாமா?

புதிய பெட்டி பருத்திருந்தால் சிலர் உடனே கிரைண்டரை எடுக்கிறார்கள். ஸ்பிட்ஃபயரில் தனி அடிச்சட்டம் இருக்கிறது. டனல் மூடி வெறும் மூடிதான், என்னவும் செய்யலாம். மற்ற மூன்றிலும் அடிச்சட்டம் என்று தனியாக எதுவும் இல்லை. உடலே சட்டம். கூரையில்லாத காரில் முன்னையும் பின்னையும் வளையாமல் பிடித்திருப்பவற்றில் டனலும் ஒன்று. ஒரு இடத்தில் சுத்தியலால் உள்ளே தட்டி இடம் எடுக்கலாம். வெட்டினால் வெட்டிய இடத்தை அதே தடிப்புத் தகட்டால் முழுக்கப் பற்றவைத்து மூடுங்கள். பொப் றிவெட் அடித்த தகரம் போதாது.

பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் புதிதாகச் செய்யும்போது, பழைய துளைகளுக்கே பூட்டும்படி செய்யச் சொல்லுங்கள். என்றாவது ஒருநாள் பழைய பெட்டி திரும்பி வரக்கூடும்.

புரொப்பெல்லர் ஷாப்ட்?

பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இந்தத் தண்டின் நீளம் மாறும். கார் சில்லுகளில் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜக்கில் தொங்கும்போது அல்ல. முன் பிளாஞ்ச் பெட்டியுடையது, பின் பிளாஞ்ச் காருடையது. வெட்டிப் பற்றவைத்தவர் இரு முனை நுகங்களையும் (யூனிவர்சல் ஜொயிண்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் வைத்தாரா என்று பாருங்கள். பிறகு பலன்ஸ் பார்க்கக் கொடுங்கள். பெட்டியின் வாலும் பின் அச்சின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் அதிர்வு வராது. இரண்டும் மிகச் சரியாக ஒரே நேர்கோட்டில் வந்துவிட வேண்டும் என்று பாடுபடவும் வேண்டாம். சிறு கோணம் இல்லாவிட்டால் யூனிவர்சல் ஜொயிண்டின் ஊசிகள் ஒரே இடத்தில் நின்று தேயும்.

வேகமானி பொய் சொல்கிறதே?

சொல்லும். ஸ்மித்ஸ் வேகமானியின் முகத்தில் 1280 போன்ற ஒரு சிறு எண் அச்சிட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. புதிய பெட்டி வேறு கணக்கில் சுற்றும். கேபிள் நடுவே சிறு விகிதப் பெட்டி வைக்கலாம், அல்லது மானியைத் திருத்தக் கொடுக்கலாம். அதுவரை கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டிவையுங்கள். பொலிஸாரிடம் கடதாசியைக் காட்டிப் பயனில்லை.

என்ன ஒயில் ஊற்றுவது?

எம்.ஜி.பி., ஸ்பிரைட் பெட்டிகளுக்கு எஞ்சின் ஒயிலைத்தான் ஊற்றினோம். அந்தப் பழக்கத்தில் புதியதுக்கும் அதையே ஊற்றாதீர்கள். சன்னி, டொயோட்டாப் பெட்டிகளுக்கு ஜி.எல்.-4 கியர் ஒயில் ஊற்றுங்கள். கடையில் “ஜி.எல்.-5 அதைவிட உயர்ந்தது” என்பார்கள். அது பின் அச்சுக்கு உயர்ந்தது. அதில் உள்ள கந்தகச் சேர்க்கை இந்தப் பெட்டிகளின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

கடற்கரை ஓரத்தில் வீடு. தனிக் கவனம் வேண்டுமா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட், நடுவில் உப்பு ஈரம்: அலுமினியம் அரித்து போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில வருடங்களில் போல்ட் தலை கையோடு வரும், உடல் தகட்டுக்குள்ளேயே இருக்கும். பூட்டும்போதே பிடிப்புத் தடுப்புப் பசை பூசுங்கள். ரிவர்ஸ் விளக்குச் சுவிட்சின் வயர் முனைகளுக்குக் கிரீஸ் வையுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அது கணக்கில் சேராது.

பதிவு, காப்புறுதி?

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் இருக்கின்றன, இரண்டையும் தொடவில்லை. இருந்தாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரின் மதிப்புக் குறைந்துவிடுமா?

பழைய பெட்டி கையில் இருந்தால் குறையாது. ஒயில் நிரப்பி, துளைகளை அடைத்து, உங்கள் காரின் பெட்டி என்று எழுதி மூலையில் வையுங்கள். இரும்புக்கடைக்குப் போட்டவர்கள்தான் பிறகு விற்கும்போது கஷ்டப்படுகிறார்கள்.

அசல் என்ற பேச்சு வந்தபடியால் ஒன்று. “இது கடற்படைத் தளத்து வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன ஸ்பிரைட்” என்று ஒரு கதை சொல்லி விலையைக் கூட்டுவார்கள். தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957இல். முதல் ஸ்பிரைட் உலகுக்கு அறிமுகமானது 1958 மே மாதம். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்; அடிச்சட்ட எண்ணைப் பார்த்துக் கொடுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஓட்டம் எங்கே?

முதலில் வீட்டு வளவுக்குள். பின் சில்லுகளைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். பிறகு நிலாவெளி வீதி. மேடு பள்ளம் குறைவு, அதிர்வு இருந்தால் தெளிவாகத் தெரியும். 50இல் இல்லாத அதிர்வு 65இல் வந்தால் புரொப்பெல்லர் ஷாப்ட். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் பெட்டியின் முன்பக்கம்.

இரண்டும் இல்லையென்றால் கந்தளாய் வரை போய் வாருங்கள். திரும்பி வந்து, பெட்டி சூடாக இருக்கும்போதே ஒயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். போல்ட்டுகளையும் அன்றே மறுபடி இறுக்கிப் பாருங்கள், குறிப்பாகக் குறுக்குச் சட்டத்தில் உள்ளவற்றை.